நாற்பது ஆண்டு விருந்தாளி என்று எவரும் கிடையாது
காவிரிப் படுகையின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சிராப்பள்ளி தொகுதிகளிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் உறுப்பினர்களுக்கும், இந்த மண்ணில் பிறந்து மாநிலங்களவையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எல்லைப் பாதுகாப்பு, ஊடுருவல், சட்டவிரோதக் குடியேற்றம். இந்தச் சொற்கள் ஒலிக்காமல் இப்போது நாடாளுமன்றத்தின் ஒரு கூட்டத்தொடரும் முடிவதில்லை. பேசுகிறவர்கள் பெரும்பாலும் வங்கதேச எல்லையின் முள்வேலியை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நமக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் வேலி கிடையாது, தண்ணீர்தான். கோடியக்கரையிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை. அந்தக் கடலைத் தாண்டி 1983 முதல் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மாநில அரசு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசே கரையேற்றி, பெயர் எழுதி, முகாமில் வைத்த இந்த மக்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற வகையிலிருந்து சட்டப்படி விடுவிக்க வேண்டும். விரும்புகிறவர்களுக்கு இந்தியக் குடியுரிமைக்கான வழியைத் திறக்க வேண்டும். அதற்கு நீங்கள் அனுதாப உரையோடு நின்றுவிடாமல், கையில் ஒரு மசோதாவோடு அவைக்குப் போக வேண்டும்.

பாதுகாப்பிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்வியைச் சுற்றிவளைத்துக்கொண்டு அகதிகளுக்காகப் பேசுவது நேர்மையாகாது. டெல்டாக்காரர்களால் அது முடியவும் முடியாது. 1991 மே மாதத் தொடக்கத்தில், ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்த குழு படகிலிருந்து இறங்கியது நம் கோடியக்கரையில்தான். மூன்று வாரத்துக்குள் ஸ்ரீபெரும்புதூரில் அவரும் அவரோடு நின்றவர்களும் சிதறிப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேதாரண்யம் கரை இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கங்களின் படகுகள் வந்துபோகும் துறையாக இருந்ததை அந்தப் பக்கத்து முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் துப்பாக்கியோடு இறங்கியவர்களும் கடல்வழியாகவே வந்தார்கள். கடலோரக் காவல் நிலையங்கள், படகுகளுக்குப் பதிவெண், மீனவர்களுக்கு அடையாள அட்டை, 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை எல்லாம் அதற்குப் பிறகு இறுகியவை. இன்றைக்கும் வேதாரண்யம் பக்கம் இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபடுகின்றன. எல்லையைக் காக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

காவல் என்பது என்ன? வந்தவர் யார், எப்போது வந்தார், எங்கே தங்கியிருக்கிறார், என்ன செய்கிறார் என்பதை அரசு அறிந்திருப்பது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த மக்களில் இலங்கைத் தமிழ் அகதிகளை அறிந்த அளவுக்கு அரசு வேறு யாரையும் அறிந்ததில்லை. கரையில் இறங்கியதும் விசாரணை. மண்டபம் முகாமில் பெயர், ஊர், குடும்ப விவரம். பிறகு ஒதுக்கப்பட்ட முகாம். அங்கே வருவாய்த் துறையின் தணிக்கை. தணிக்கையில் ஆள் இருந்தால்தான் மாத உதவித்தொகை. கூடவே கியூ பிரிவுக் காவல்துறையின் கண்காணிப்பு. முகாமை விட்டு வெளியூர் போய்த் தங்க அனுமதி. வெளியே குடியிருப்பவர் காவல் நிலையப் பதிவேட்டில். திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். எல்லைக் காவலர் அஞ்ச வேண்டியது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆளை. எல்லாப் பதிவேட்டிலும் இருக்கும் ஒரு பாட்டியைச் சட்டவிரோதி என்று வைத்திருப்பதால் கோடியக்கரையில் ஒரு படகுகூடக் கூடுதலாகப் பிடிபடாது.

1991இன் விலையையும் இந்த மக்களே கொடுத்தார்கள். கொன்றவர்கள் ஒரு சிறு குழு. சந்தேகம் விழுந்தது முகாம்கள் மொத்தத்தின் மீதும். பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கொடுத்திருந்த சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் பழைய சந்தேகத்தின் மேல் சட்டம் கட்டிக்கொண்டிருப்பதற்கு நியாயம் இல்லை.

இனி அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களை இந்தியா அழைக்காத விருந்தாளிகளாக நடத்தவில்லை. கரையில் சோறு கொடுத்தது, முகாம் அமைத்தது, அட்டை கொடுத்தது. 1951ஆம் ஆண்டின் ஐநா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, சட்டம் எதுவும் இல்லாமலே மனிதாபிமானத்தின் பேரில் அதைச் செய்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2003இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் அனைவரையும் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்தது. அந்த வகைக்குள் விழுந்தவர் பதிவின் மூலமோ நீண்டகாலம் வாழ்ந்த அடிப்படையிலோ குடிமகன் ஆக முடியாது. எரிகிற வீட்டிலிருந்து ஓடி வந்தவரிடம் பாஸ்போர்ட் இருக்காது என்பதை அந்த வரையறை கணக்கில் எடுக்கவில்லை.

அதே திருத்தம் பிறப்புரிமையையும் மாற்றியது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அந்த அடிப்படையில்தான், 1986இல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அந்தத் தேதி முதல் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது. ஒரு தஞ்சாவூர்ப் பெண் முகாமில் வளர்ந்த இளைஞரைத் திருமணம் செய்துகொள்கிறார் என்று வையுங்கள். அவர்களுக்கு ராசா மிராசுதார் மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. தாய் இந்தியர், பாட்டன் பூட்டன் இந்தியர், பிறந்த ஊர் தஞ்சாவூர். பிள்ளை மட்டும் பிறப்பால் இந்தியர் இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் பாதுகாப்புக் காரணம் காட்டி விளக்குவீர்கள்?

2019 டிசம்பரில் இந்தக் கதவைத் திறக்க ஒரு வாய்ப்பு வந்தது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையிலிருந்து விடுவித்தது திருத்தச் சட்டம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்தவர்களில் அதிமுகவின் 11 உறுப்பினர்கள் அடக்கம். அந்தப் பதினோரு வாக்கும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114க்கு 116. இலங்கையைச் சேர்க்காமல் எங்கள் வாக்கு இல்லை என்று அவர்கள் நின்றிருந்தால் அரசு பேசித்தான் ஆகியிருக்கும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் முந்தைய திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதும், அதன் பின் 2013 மார்ச் வரையிலும், திமுக மத்திய அமைச்சரவையில் இருந்தது. அந்த ஆண்டுகளிலும் அந்த வரையறையில் ஓர் எழுத்து மாறவில்லை. தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் அதிகாரத்தின் அருகே இருந்த வேளையில் இந்த மக்களை மறந்திருக்கின்றன. நீங்கள் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்தக் கடன் உங்கள் மேல் இருக்கிறது.

அன்றைக்கு அரசு சொன்ன பதில் ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது: இலங்கைத் தமிழர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே குடியுரிமை கொடுத்தாயிற்று. உண்மைதான். ஆனால் அவர்கள் யார்? 1948இல் இலங்கை அரசு சட்டம் போட்டு நாடற்றவர் ஆக்கிய மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பிரித்துக்கொண்டார்கள். 1974இல் எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப் பாதியாக்கினார்கள். அதில் தொழிலாளியின் விருப்பத்தை முதலில் கேட்டவர் எவரும் இல்லை. அந்தக் கணக்கு வேறு, 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் குண்டுக்குத் தப்பி வந்தவர்களின் கணக்கு வேறு. அதைவிட வேதனை, ஒப்பந்தத்தின்படி இந்தியா வரவேண்டிய மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரும் கலவரத்தால் அகதிகளாகவே வந்து முகாம்களில் மாட்டிக்கொண்டது. 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தப் பயணமும் அதோடு நின்றது. கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தவர்கள் உட்பட அறுபத்தைந்து பேர் போட்ட வழக்கில், 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அவர்களின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. இந்தியா தன் கையெழுத்தால் ஏற்றுக்கொண்ட மக்களின் சந்ததியை எதிர்த்து இந்தியாவே வழக்காடுகிறது.

இந்த மலையக மக்கள் யாருடைய சந்ததி? நம்முடைய சந்ததி. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள். சோழ நாடு சோறுடைத்து என்று பெருமை பேசும் நாம், அந்தச் சோற்றை விளைவித்தவர்களுக்கு அது எட்டியதா என்று கேட்பதில்லை. பண்ணையாளாகப் பிறந்து, பண்ணையாளாகக் கடன்பட்டு, பண்ணையாளாகச் சாக வேண்டியிருந்தவர்கள் கடலைத் தாண்டினார்கள். நாகப்பட்டினம் துறைமுகம் அன்றைக்கு மலாயாவுக்கு ஆள் ஏற்றிய பெரிய வாசல். 'ரஜுலா' கப்பல் நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. இலங்கைக்குப் போனவர்களைச் சோதித்து அனுப்ப ஆங்கிலேயர் காலத்தில் அமைத்த இடம் மண்டபம் முகாம். அதே மண்டபத்தில்தான் இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்கள் அகதிகளாகப் பதியப்படுகிறார்கள். வேறு கரைகளுக்குப் பிழைக்கப் போனவர்களின் மண் இது. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும்போது அவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் கண்ணியமாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்புக்கு நாம் தகுதியாக இருக்க வேண்டும்.

கோடைக்கும் மழைக்கும் நடுவே மேட்டூர் அணை திறந்ததும் நம் வயல்களில் நடவுக்கு வருகிறவர்களையும் பார்க்கிறோம். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, விடியலிலிருந்து நாற்று நடுகிறார்கள். அவர்கள் இந்தியர்கள். ஆனால் பேச்சு வங்காளமாக இருந்தால் சந்தேகம் பிறக்கும் காலம் இது. 2025இல் மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தில்லியில் பிடித்து, வங்கதேசத்தவர் என்று சொல்லி எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு அதே ஆண்டு டிசம்பரில்தான் அவர் திரும்ப முடிந்தது. ஆவணத்தையும் விசாரணையையும் விட்டுவிட்டு நாக்கையும் முகத்தையும் வைத்து எல்லையைக் காக்கத் தொடங்கினால் முதலில் அடிபடுவது சொந்தக் குடிமக்கள்தான். டெல்டாவில் அந்தப் பழக்கம் வேர்விடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்தபோது, உலகமெங்கிலும் இருந்து வருவோரை ஏற்க இந்தியா ஒரு சத்திரமா என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கேட்டது. அந்த மனுதாரர் குற்ற வழக்கில் தண்டனை முடித்தவர். அவர் வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நாடு முழுக்கப் பரவி, எல்லா அகதிகளுக்கும் பதிலாகச் சொல்லப்படுகிறது. சத்திரங்களைப் பற்றிச் சொல்லத் தஞ்சாவூருக்கு உரிமை உண்டு. ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டிய நாடு இது. ஒரத்தநாட்டில் 1802இல் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. தன் கையிலிருந்த அதிகாரமெல்லாம் ஆங்கிலேயரிடம் போன பிறகும், சத்திரங்களையாவது தன் பொறுப்பில் விடும்படி 1801இல் அவர் கேட்டு எழுதினார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பராமரிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று சத்திரங்கள் செய்த வேலைகளை அந்தக் கடிதத்தில் விவரித்தார். நாட்டின் பெருமையே அதில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்தார். அந்தப் பெருமையை நாம் வெட்கப்படத்தக்கதாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இந்த அகதிகள் கேட்பது சத்திரத்தில் இன்னும் கொஞ்ச நாள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. சத்திரம் வழிப்போக்கருக்கானது. நாற்பது ஆண்டாக ஒருவரும் வழிப்போக்கராக இருக்க முடியாது. முகாமில் வளர்ந்த இளைஞர்கள் தமிழ்நாடு முழுவதும் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள். பொறியியல் படித்தவரும் வண்ணம்தான் பூசுகிறார். அரசு வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, குடியுரிமைச் சான்று கேட்கும் இடத்திலெல்லாம் வாசலோடு நிற்க வேண்டியிருக்கிறது. மாநில அரசு தன்னால் ஆனதைச் செய்தது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முடிவெடுத்தது. முகாமின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உதவித்தொகையை உயர்த்தியது. வீடு தரலாம், பணம் தரலாம். குடியுரிமை மட்டும் மாநிலத்தின் கையில் இல்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் அது ஒன்றியப் பட்டியலின் 17ஆவது இனம். அதனால்தான் இந்த மடல் கோட்டைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

மத்திய அரசும் அண்மையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம், உரிய ஆவணமின்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அந்தத் தண்டனைப் பிரிவிலிருந்து விலக்கு அளித்து உள்துறை ஆணை வெளியிட்டது. நல்ல செய்தி, அதை வரவேற்கிறேன். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது குடிமகனாக ஏற்கிறோம் என்பதாகாது. குடியுரிமைச் சட்டத்தின் வரையறை அப்படியே நிற்கிறது. அதே ஆணையில், மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்குக் கெடு 2024 டிசம்பர் 31. நம்மவர்களுக்குப் பத்தாண்டு முன்னதாக முடிகிறது. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் குலைந்து, பால் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்கள் இந்த விலக்குக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பட்டும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்ப விரும்புவோர் நிறைய உண்டு. காணியும் கோயிலும் உறவும் அங்கே இருக்கின்றன. அந்த ஆசையை மதிக்க வேண்டும். ஆனால் 2025 மே மாதம், ஐநா அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவரை, முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறினார் என்று சொல்லி இலங்கை அதிகாரிகள் கைது செய்தார்கள். வந்தது இங்கே குற்றம், போனது அங்கே குற்றம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 முதல் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறோம். அதில் ஏறி ஊர் திரும்ப இந்த மக்களுக்கு அச்சமில்லாத ஒரு வழி வேண்டும். அதை இரண்டு அரசுகளும் பேசித்தான் அமைக்க முடியும்.

நம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும்போதெல்லாம் நீங்கள் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். நாகை, காரைக்கால், மல்லிப்பட்டினம் படகுகள் 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள் வகுத்த கோட்டைத் தாண்டுகின்றன என்பதும், நம் இழுவைமடி வடபகுதித் தமிழ் மீனவரின் வாழ்வைக் கெடுக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இருந்தும் அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காதே, பிழைப்புக்காக வந்தவன் என்று பார் என்று இலங்கையிடம் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. உயிருக்காகக் கோட்டைத் தாண்டியவரிடம் அதே பார்வை நமக்கும் வேண்டாமா?

குடியுரிமை கொடுத்தால் இன்னும் வருவார்கள் என்ற அச்சத்துக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது: கெடு தேதி. குடியுரிமைச் சட்டத்தில் அசாமுக்காக எழுதப்பட்ட 6ஏ பிரிவைப் பாருங்கள். 1966 ஜனவரி 1 முதல் 1971 மார்ச் 25க்கு முன் வரை வந்தவர்களைக் கண்டறிந்து பதிவு செய்து, பத்தாண்டு வாக்குரிமை மட்டும் இல்லாமல் வைத்து, பிறகு முழுக் குடிமக்களாக ஏற்றது. அது செல்லும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2019இல் மூன்று நாட்டவருக்காக 6பி சேர்ந்தது. குறிப்பிட்ட மக்களுக்கு, குறிப்பிட்ட தேதி வரை, தனிப் பிரிவு எழுதுவது இந்தச் சட்டத்துக்குப் புதிதில்லை. அசாமில் பதிவு செய்து பத்தாண்டு காத்திருந்தால் போதும் என்றால், தமிழ்நாட்டில் முப்பதும் நாற்பதும் ஆண்டுகள் பதிவேட்டில் காத்திருந்தவர்களுக்கு ஒரு 6சி எழுதுவதில் எந்த மரபு உடைகிறது?

உலகம் இதை எப்படிச் செய்திருக்கிறது என்பதற்குத் தொலைவில் ஒரு சான்று போதும். ஹரி ஆனந்தசங்கரி 1983இல் சிறுவனாக, அகதியாகக் கனடா போய்ச் சேர்ந்தவர். 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். கனடாவின் எல்லைக் காவல் அமைப்பு அவர் பொறுப்பில் வந்தது. அதே ஆண்டுகளில், அதே நாட்டிலிருந்து, பக்கத்துக் கடலைத் தாண்டித் தமிழ் பேசும் மண்ணுக்கு வந்த பிள்ளைகளுக்கு நாம் இன்னும் வாக்காளர் அட்டைகூடக் கொடுக்கவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவது, உள்துறை ஆணையின் கெடுவுக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரையும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளையும் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்கி, விரும்புவோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பிரிவு சேர்க்கும் மசோதா. மதம் கேட்காத மசோதா. முகாமில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே குண்டுக்குத் தப்பி வந்தவர்கள். இரண்டாவது, 1964, 1974 ஒப்பந்தங்களுக்குள் வரும் மலையகத் தமிழரின் மீதான மேல்முறையீட்டை அரசு கைவிட்டு, அவர்கள் விண்ணப்பங்களுக்குக் கால வரம்போடு முடிவு சொல்ல வேண்டும். மூன்றாவது, கெடுவை மற்ற நாட்டவருக்கு இணையாக 2024 டிசம்பர் 31க்கு நீட்டி, 2022இல் வந்தவர்களையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். நான்காவது, திரும்ப விரும்புவோர் இரு கரையிலும் வழக்குக்கு அஞ்சாமல் திரும்ப, இலங்கையோடு எழுத்தில் ஓர் உடன்பாடு. ஐந்தாவது, குற்றம் செய்தவரையும் கடத்தல்காரரையும் சட்டம் எப்படியும் பிடிக்கட்டும். ஆனால் ஒருவர் குற்றத்துக்காக ஒரு முகாமையே சந்தேகிக்கும் வழக்கம் ஒழியட்டும்.

தனிநபர் மசோதாவால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பகுதியிலிருந்தே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனால் அதன் பிறகு அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் சட்டமும் வந்தது. அதில் குறைகள் உண்டு என்றாலும், நாடாளுமன்றம் அதிகம் பேசாத மக்களைப் பற்றி அதைப் பேச வைத்தது ஒரு தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், ஆள் குறைந்த அவையில், யாரும் எதிர்பார்க்காதபோது அது நடந்தது.

அடுத்த கூட்டத்தொடருக்கான மசோதா அறிவிப்பை இப்போதே கொடுங்கள். உங்களில் எல்லாரும் ஒரே மசோதாவில் கையெழுத்திடுங்கள். கட்சித் தலைமை என்ன சொல்லும் என்று காத்திராமல், கொட்டப்பட்டுக்கும் வாழவந்தான்கோட்டைக்கும் ஒருமுறை போய், அங்கே இருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு தில்லிக்குப் போங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களால் உங்களைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. அதனால்தான் வாக்கு உள்ள நான் எழுதுகிறேன். அடுத்த முறை நீங்களோ உங்கள் கட்சியோ எங்கள் தெருவுக்கு வரும்போது, தூர்வாரியது பற்றியும் நெல் கொள்முதல் பற்றியும் கேட்போம். அவற்றோடு, அந்த மசோதாவை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்றும் கேட்பேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியின் வாக்காளர் ஒருவர்,
ஒரத்தநாடு.